விதை எண் மாறவில்லை. மின்வெட்டுக்குப் பிறகு தொடரும் ஓட்டம் மட்டும் ஏன் மாறுகிறது?

கரையோரன், டர்பன்

அனைவருக்கும் வணக்கம். பதிவு சற்று நீளம். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

துறைமுக வாயிலில் சரக்குப்பெட்டி லாரிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன என்பதைக் கணிக்க, பைத்தானில் ஓர் உருவகப்படுத்தும் நிரல் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு லாரி உருவாகும்போதும் அது வந்து சேரும் இடைவெளி, பெட்டியை இறக்க ஆகும் நேரம், அப்போது கிரேன் பழுதாகுமா இல்லையா என்ற மூன்றையும் சமவாய்ப்பு எண்களே தீர்மானிக்கின்றன. ஓர் ஓட்டம் முடிய ஏறத்தாழ 40 மணி நேரம் பிடிக்கும். 2023 குளிர்காலத்தில் தென்னாப்பிரிக்காவின் சுழற்சி மின்வெட்டு ஆறாம் நிலைக்குப் போனபோது ஒரே நாளில் மூன்று நான்கு முறை மின்சாரம் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டில் உள்ள இன்வெர்ட்டர் நான்கு விளக்குகளுக்கும் வைஃபைக்கும்தான் தாங்கும். கணினியை அதில் மாட்ட முடியாது. ஆகவே 15 நிமிடத்துக்கு ஒரு முறை நிரல் தன் நிலையை வட்டில் எழுதி வைக்கவும், மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழி செய்தேன்.

அந்தச் சேமிப்பில் வரிசையில் நிற்கும் லாரிகள், உருவகக் கடிகாரம், அதுவரை கூட்டிய தொகைகள் எல்லாம் இருந்தன. சமவாய்ப்பு எண்களைச் செய்து தரும் எண் ஆக்கியைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. நிரலின் முதல் வரியிலேயே, எண் ஆக்கியைத் தொடங்கி வைக்கும் விதை எண்ணாக 1860-ஐக் கொடுத்திருந்தேன் (நம் முன்னோர் டர்பனில் கப்பலிலிருந்து இறங்கிய ஆண்டு). விதை மாறாதவரை எண்களும் மாறமாட்டா என்பதே என் எண்ணம்.

போன வாரம் பழைய ஓட்டம் ஒன்றை லாரி வாரியாக வரைபடமாக்கிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஒவ்வொரு மின்வெட்டும் முடிந்து ஓட்டம் தொடர்ந்த இடத்திலிருந்து எண்ணினால், சரியாக 212-ஆவது லாரியின்போது கிரேன் பழுதாகியிருக்கிறது. அந்த ஓட்டத்தில் ஒன்பது முறை மின்சாரம் போயிருந்தது. ஒன்பது முறையும் அதே 212. காரணம் இப்போது புரிகிறது. நிரல் மறுபடி தொடங்கும்போதெல்லாம் முதல் வரியும் மறுபடி ஓடுகிறது. 1860 மறுபடி விதைக்கப்படுகிறது. அதே எண்கள் தலையிலிருந்து வருகின்றன.

இதைச் சரிசெய்ய, சேமிக்கும் நேரத்தில் கடைசியாக வந்த எண்ணையே அடுத்த தொடக்கத்துக்கு விதையாகக் கொடுத்துப் பார்த்தேன். 212 மறைந்துவிட்டது. ஆனால் இடையில் நிறுத்தாமல் ஓடிய ஓட்டத்தின் விடையும், நிறுத்தித் தொடர்ந்த ஓட்டத்தின் விடையும் இன்னும் பொருந்தவில்லை. இரண்டும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே என் தேவை. எங்கே தவறுகிறேன்?

நிலவன், பீனிக்ஸ்

விதை எண்ணே வேண்டாம் நண்பரே. விதை கொடுக்காமல் விட்டால் பைத்தான் இயங்குதளத்திடமிருந்து தானாகவே வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிய எண்கள் வரும். 212 போன்ற திரும்பல் எதுவும் நேராது. விடை கடைசி இலக்கம் வரை பொருந்தித்தான் ஆக வேண்டுமா? சராசரி பொருந்தினால் போதாதா?

பழைய வாத்தியார், சாட்ஸ்வொர்த்

நிலவன் சொல்வது கணக்கின் சராசரிக்கு ஒத்துவரும். கணக்கில் பிழை இருக்கிறதா என்று தேடுபவருக்கு ஒத்துவராது. 31 மணி நேரம் ஓடியபின் நிரல் ஓரிடத்தில் விழுந்துவிட்டால், அதே இடத்தில் அதே விதமாக மறுபடி விழவைக்க முடிந்தால்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும். கரையோரன் கேட்பது நியாயமான தேவை, அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

தம்பி கரையோரன், நீங்கள் இரண்டாவதாகச் செய்ததன் பின்னால் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது சரியாகவும் இருந்தது. டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் நான் மாணவனாக இருந்தபோது எங்களுக்குக் கற்பித்தது டெரிக் லெமர் 1949-இல் முன்வைத்த பெருக்கல் முறை. கையில் ஓர் எண் இருக்கும். அதை ஒரு மாறிலியால் பெருக்கி, இன்னொரு மாறிலியால் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதிதான் அடுத்த எண். 1988-இல் ஸ்டீபன் பார்க்கும் கீத் மில்லரும் பரிந்துரைத்த வடிவத்தில் பெருக்கும் எண் 16807, வகுக்கும் எண் 2147483647. விதை 1 என்று தொடங்கிக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: 16807, பிறகு 282475249, பிறகு 1622650073, பிறகு 984943658, பிறகு 1144108930 என்று வரும். இப்போது மூன்றாவது எண்ணோடு மின்சாரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளில் 1622650073 என்று குறித்து வைத்திருந்தால் போதும். நாளைக்கு அதையே விதையாகக் கொடுத்தால் 984943658 தான் வரும், ஓட்டம் அறுபடாது. வெளியே வந்த எண்ணும், ஆக்கியின் உள்ளே இருந்த நிலையும், விதையும் இங்கே ஒன்றேதான். அதனால்தான் எங்கள் தலைமுறையில் பலர் விதை என்ற சொல்லையும் உள்நிலை என்ற சொல்லையும் பிரித்துப் பார்க்காமலே பழகிவிட்டோம்.

பைத்தானின் ரேண்டம் மாட்யூலில் இருப்பது அதுவன்று. அது மெர்சென் ட்விஸ்டர். மகோட்டோ மட்சுமோட்டோவும் தகுஜி நிஷிமுராவும் 1998-இல் வெளியிட்டது. அதன் வயிற்றில் 32 பிட் அளவுள்ள 624 எண்கள் இருக்கின்றன. அவற்றில் எதுவரை எடுத்துக் கொடுத்தாயிற்று என்று காட்டும் இடக்குறி ஒன்றும் இருக்கிறது. 624 எண்களும் தீர்ந்ததும் அவை அனைத்தையும் ஒன்றோடொன்று கலந்து புதிதாக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து கொடுக்கும். எண்வரிசை தலைசுற்றி முதல் இடத்துக்கு வர, 2-இன் 19937-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான முறை எடுக்க வேண்டும். நீங்கள் கொடுக்கும் 1860 என்பது அந்த 624 எண்களையும் முதன்முதலில் நிரப்புவதற்கான ஒரு தூண்டுகோல் மட்டுமே. நிரப்பி முடித்தவுடன் 1860-இன் வேலை முடிந்துவிட்டது. ஆக்கி அதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. வெளியே வந்த கடைசி எண் அந்த 624-இல் ஒன்றின் உருமாற்றம் மட்டுமே. அதை விதையாகக் கொடுத்தால், முற்றிலும் வேறான 624 எண்கள் நிரம்பும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். என் பாட்டியின் மரப்பலகை இன்னும் வீட்டில் இருக்கிறது. பதினான்கு குழிகள், புளியங்கொட்டைகள். ஆட்டத்தில் சீட்டும் தாயமும் கிடையாது. தொடங்கிய விதமும் எந்தக் குழியிலிருந்து எடுத்தார்கள் என்பதும் தெரிந்தால் எல்லாமே கணக்குப்படி நகரும். பாதி ஆட்டத்தில் சாப்பிடக் கூப்பிட்டால், "ஒவ்வொரு குழியிலும் ஐந்து போட்டுத் தொடங்கினோம்" என்று மட்டும் எழுதி வைத்தால் திரும்பி வந்து என்ன செய்ய முடியும்? முதலிலிருந்துதான் ஆட வேண்டும். ஒவ்வொரு குழியிலும் இப்போது எத்தனை கொட்டைகள், அடுத்து எந்தக் குழி என்று எழுதி வைக்க வேண்டும். விதை என்பது முதல் ஐந்து ஐந்து. உள்நிலை என்பது கூப்பிட்ட நொடியில் பலகை கிடந்த கோலம். நீங்கள் சேமிக்க வேண்டியது இரண்டாவதை.

பைத்தானில் உள்நிலையை எடுத்துத் தரக் கெட்ஸ்டேட் என்ற அழைப்பும், திரும்ப வைக்கச் செட்ஸ்டேட் என்ற அழைப்பும் இருக்கின்றன. தொடங்கும்போது சேமிப்புக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செட்ஸ்டேட், இல்லாவிட்டால் மட்டும் 1860.

நெட்டால் மாணவன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஐயா, தங்கள் விளக்கத்துக்கு நன்றி. கரையோரன் அண்ணாவுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று. என் ஆய்வுத் திட்டத்துக்கு நானும் கெட்ஸ்டேட் கொடுப்பதை ஜேசான் கோப்பில் (தரவை எழுத்து வடிவில் வைக்கும் கோப்பு வகை) எழுதி வைத்தேன். திரும்பப் படித்துச் செட்ஸ்டேட்டிடம் கொடுத்தால், உள்நிலை டூப்பிளாக (பைத்தானில் மாற்ற முடியாத பட்டியல் வகை) இருக்க வேண்டும் என்று பிழைச் செய்தி வருகிறது. ஜேசானுக்கு டூப்பிள் என்ற வகை தெரியாது. எழுதும்போதே எல்லாவற்றையும் லிஸ்ட் (மாற்றக்கூடிய பட்டியல்) ஆக்கிவிடுகிறது. பிரித்துப் பார்த்தேன்: கெட்ஸ்டேட் மூன்று பொருள்களைத் தருகிறது. முதலாவது 3 என்ற பதிப்பு எண். இரண்டாவது 625 எண்கள், அதாவது ஐயா சொன்ன 624-உம் இடக்குறியும். மூன்றாவது பெரும்பாலும் வெறுமையாக, நன் என்று இருந்தது. ஆகவே நான் அந்த 625 எண்களை மட்டும் கோப்பில் எழுதிவிட்டு, படிக்கும்போது அவற்றை டூப்பிளாக மாற்றி, முன்னால் 3, பின்னால் நன் என்று வைத்துக்கொடுக்கிறேன். 5,000 எண்கள் எடுத்து நிறுத்தித் தொடர்ந்து பார்த்தேன், அப்படியே பொருந்துகிறது.

மலர்விழி, லெனேசியா

தம்பி, அந்த மூன்றாவது பொருளை நன் என்று வைக்காதீர்கள். வாத்தியார் ஐயாவின் பல்லாங்குழியில் அது ஆடுபவரின் கையில் இருக்கும் கொட்டை.

இயல்நிலைப் பரவலில் (சராசரியைச் சுற்றி மணி வடிவில் குவியும் பரவல்) எண் கேட்கும் காஸ் என்ற அழைப்பு, பாக்ஸ்-முல்லர் முறைப்படி, இரண்டு சீரான எண்களை எடுத்து இரண்டு இயல்நிலை எண்களை ஒரே நேரத்தில் செய்கிறது. ஒன்றை நம்மிடம் கொடுத்துவிட்டு, மற்றதை அடுத்த முறைக்கு மடியில் கட்டி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை கேட்டால் 624 எண்களைத் தொடாமலேயே அதை எடுத்துத் தருகிறது. மூன்றாவது பொருள் அந்த மடிச்சரக்குதான். காஸ் அழைப்பு இரட்டைப்படை எண்ணிக்கையில் நடந்து முடிந்திருந்தால் மடி காலி, ஆகவே நன். 5,000 என்பது இரட்டைப்படை. உங்கள் சோதனை தேறியதற்கு அதுவே காரணம். 5,001-இல் நிறுத்திப் பாருங்கள்: மடியில் இருந்த எண் தொலைந்துபோகும், காஸ் புதிதாக இரண்டு எண்களை எடுக்கும், அதன்பின் வரும் ஒவ்வொரு எண்ணும் இடம் தள்ளிப்போகும். மின்வெட்டு இரட்டைப்படை பார்த்து வருவதில்லை, ஆகவே பாதி முறை இது கரையோரனைப் பிடித்திருக்கும். கெட்ஸ்டேட் தருவதைப் பிரிக்காமல் அப்படியே பைத்தானின் சொந்தச் சேமிப்பு வடிவமான பிக்கிளில் எழுதுவதே நல்லது. ஜேசான்தான் வேண்டும் என்றால் மூன்று பொருள்களையும் எழுதி, இரண்டாவதை மட்டும் டூப்பிளாக்கிக் கொடுங்கள்.

இந்த மடிச்சரக்கு விவகாரம் பைத்தானோடு நிற்பதில்லை. ஜாவாவின் ரேண்டம் வகுப்பிலும் நெக்ஸ்ட்காஸியன் இதேபோல் ஒன்றை மிச்சம் வைத்துக்கொள்கிறது. பைத்தானின் எண்கணக்கு நூலகமான நம்பையின் புதிய ஆக்கியான பிசிஜி64-இல் மிச்சம் வேறு வடிவில் இருக்கிறது: அது 64 பிட் எண்களைச் செய்கிறது, நாம் 32 பிட் எண் கேட்டால் பாதியைக் கொடுத்துவிட்டு மறுபாதியை வைத்துக்கொள்கிறது. அதன் உள்நிலையை அச்சிட்டுப் பார்த்தால் அந்த மறுபாதிக்கென்றே இரண்டு இடங்கள் இருப்பதைக் காணலாம். சி++ மொழியில் இன்னும் ஒரு படி கவனம் தேவை, ஏனெனில் அங்கே மடிச்சரக்கு எண் ஆக்கியில் இருப்பதில்லை, இயல்நிலைப் பரவல் என்ற தனிப் பொருளுக்குள் இருக்கக்கூடும். ஆக்கியை மட்டும் கோப்பில் எழுதிவிட்டுப் பரவலை மறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கரையோரன் தம்பிக்கு இன்னொரு கேள்வி. லாரி வரிசையை ஒரு கோப்பிலும் எண் ஆக்கியை வேறொரு கோப்பிலுமா எழுதுகிறீர்கள்? அப்படியானால் முதல் கோப்பு எழுதி முடிந்து இரண்டாவது எழுதும் முன் மின்சாரம் போனால், வரிசை 3.15-க்கு உரியதாகவும் எண்கள் 3.00-க்கு உரியதாகவும் நிற்கும். நிரல் எந்த முறையீடும் இல்லாமல் தொடரும். விடை மட்டும் தவறாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பொருளாகக் கட்டி, ஒரே தருணத்தில், ஒரே கோப்பில் எழுதுங்கள். அதையும் பழைய கோப்பின் மேல் நேரடியாக எழுதாதீர்கள். தற்காலிகப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் கொடுத்து வட்டில் இறங்கியதை உறுதிசெய்து, பிறகு ரீப்ளேஸ் அழைப்பால் பழைய பெயருக்கு மாற்றுங்கள். அந்தப் பெயர்மாற்றம் நடந்ததாகவோ நடக்காததாகவோ இருக்குமே தவிரப் பாதியில் நிற்காது. எங்கள் பகுதியில் மின்சாரம் திரும்பிய சில நொடிகளில் மறுபடி போவது வழக்கம் என்பதால் இதைக் கற்றுக்கொள்ள எனக்கு அதிக நாள் ஆகவில்லை.

கரையோரன், டர்பன்

மலர் அக்கா, நீங்கள் சந்தேகித்தது சரி. இரண்டு கோப்புகளில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்றாக்கிவிட்டேன். பிக்கிளுக்கும் மாறிவிட்டேன். தொடக்கத்தில் விதைப்பதைச் சேமிப்புக் கோப்பு இல்லாதபோது மட்டும் நடக்கும்படி வைத்தேன்.

சோதனை இப்படி: 20,000 லாரிகளை இடைவிடாமல் ஓட்டி, ஒவ்வொரு லாரியின் காத்திருப்பு நேரத்தையும் எழுதி வைத்தேன். பிறகு 7,001 லாரிகளோடு நிறுத்தி, சேமித்து, தொடர்ந்து முடித்தேன். ஒற்றைப்படை வேண்டும் என்பதற்காகவே 7,001. ஒரே நிரலுக்குள் சேமித்து உடனே திரும்ப ஏற்றினால் 20,000 வரிகளும் அப்படியே பொருந்துகின்றன. ஆனால் நிரலை முழுவதும் மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து ஏற்றினால், 7,002-ஆவது லாரி வரும் நேரமும் இறக்கும் நேரமும் சரியாக இருந்தும், அது போகும் வாயில் மட்டும் வேறாக இருக்கிறது. இன்னும் வியப்பு என்னவென்றால், மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வாயில் மாறுகிறது. செட்ஸ்டேட் செய்த உடனே ஓர் எண்ணை எடுத்து அச்சிட்டுப் பார்த்தேன். எல்லா முறையும் ஒரே எண்தான் வருகிறது. எண் ஒன்றாக இருக்க, அதைக் கொண்டு தேர்ந்தெடுக்கும் வாயில் எப்படி வேறாகும்?

நெட்டால் மாணவன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மலர் அக்கா சொன்ன 5,001-ஐச் செய்து பார்த்தேன். உடைந்தது. என் திட்டத்தைத் திருத்திக்கொண்டேன், நன்றி அக்கா.

கரையோரன் அண்ணா, வாயில்களின் பெயர்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்? செட் (வரிசை உறுதியில்லாத தொகுப்பு) வகையில் வைத்து, அதிலிருந்து லிஸ்ட் எடுத்து, சாய்ஸ் அழைப்பிடம் கொடுக்கிறீர்களா? அப்படியானால் காரணம் அங்கே இருக்கிறது. செட்டுக்குள் எழுத்துச் சரங்கள் எந்த வரிசையில் கிடக்கும் என்பது அவற்றின் ஹேஷ் மதிப்பைப் (சரத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) பொறுத்தது, பைத்தான் 3.3 முதல் அந்த ஹேஷ் மதிப்பு நிரலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே மாற்றப்படுகிறது. வெளியிலிருந்து ஒருவர் ஹேஷ் மோதல்களை உண்டாக்கிச் சேவையகத்தை முடக்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த பாதுகாப்பு அது. எண் ஆக்கி "மூன்றாவதை எடு" என்று ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் சொல்கிறது. மூன்றாவது இடத்தில் யார் நிற்கிறார் என்பதுதான் மாறிக்கொண்டிருக்கிறது. பெயர்களைச் சார்ட்டட் கொடுத்து அகரவரிசைப்படுத்திவிட்டுப் பிறகு தேர்ந்தெடுங்கள்.

பழைய வாத்தியார், சாட்ஸ்வொர்த்

நன்றாகப் பிடித்தாய் தம்பி. நாற்பது ஆண்டு கற்பித்த எனக்கு இது தோன்றவில்லை.

கரையோரன், டர்பன்

அதுவேதான். வாயில் பெயர்கள் செட்டில்தான் இருந்தன. அகரவரிசைப்படுத்தியதும் 7,001, 7,002, 13,333 என்று மூன்று இடங்களில் தனித்தனியாக மூடித் திறந்து பார்த்தேன். 20,000 வரிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

மலர் அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுத்ததாக இதே நிரலை எட்டு செயல்களாக (தனித்தனியாக ஓடும் பிரதிகளாக) பிரித்து, ஒரே கணினியில் ஒரே நேரத்தில் ஓட்ட நினைக்கிறேன். எட்டுக்கும் எட்டு விதைகள் கொடுத்தால் போதுமா? கடிகார நேரத்தை விதையாகக் கொடுக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார்.

மலர்விழி, லெனேசியா

கடிகார நேரம் வேண்டாம். எட்டுச் செயல்களும் ஒரே நொடிக்குள் தொடங்கிவிடும். நொடிக் கணக்கில் விதைத்தால் எட்டுக்கும் ஒரே விதை, அதாவது எட்டு முறை ஓடிய ஒரே ஓட்டம். ஒரு நாளில் 86,400 நொடிகள்தான் என்பதால், வெவ்வேறு வேளைகளில் தொடங்கினாலும் விதைகளின் கையிருப்பு மிகக் குறைவு. தாய்ச் செயலில் ஆக்கியைத் தயார் செய்துவிட்டு ஃபோர்க் மூலம் எட்டுக் குழந்தைகளாகப் பிரித்தாலும் இதே ஆபத்து உண்டு: தாயின் நினைவகம் அப்படியே நகலாவதால் நம்பையின் பழைய பொது ஆக்கி எட்டிலும் ஒரே உள்நிலையோடு கிளம்பும். பைத்தானின் சொந்த ரேண்டம் மாட்யூல் 3.7 பதிப்பிலிருந்து குழந்தைச் செயலில் தானாகவே புதிதாக விதைத்துக்கொள்கிறது. திரும்பல் நேராது, ஆனால் நீங்கள் கொடுத்த விதையும் போய்விடும், அதே விடையை மறுபடி பெறும் வழியும் போய்விடும்.

விதைகளைக் குலுக்கலில் எடுக்கலாமே என்றால், 32 பிட் அளவில் 429 கோடிக்கு மேற்பட்ட விதைகள் இருந்தாலும், ஏறத்தாழ 77,000 விதைகளைக் குலுக்கலில் எடுத்தாலே இரண்டு ஒன்றாக அமையும் வாய்ப்பு பாதிக்குப் பாதி ஆகிவிடுகிறது. எட்டுக்கு அது கவலை இல்லை; பல்லாயிரம் ஓட்டங்களுக்குக் கவலைதான். நம்பையில் இதற்கென்றே சீட்சீக்வென்ஸ் என்ற வசதி இருக்கிறது. ஒரே ஒரு தாய் விதையைக் கொடுங்கள், அதிலிருந்து ஸ்பான் அழைப்பால் எட்டுக் கிளை விதைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் 1860-ஐயே தாயாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு செயலும் தன் உள்நிலையைத் தன் சேமிப்புக் கோப்பிலேயே எழுதட்டும்; ஒரே பொது ஆக்கியை எட்டுப் பேரும் பகிர்ந்தால், யார் முந்திக்கொண்டு எடுத்தார் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

சேமிப்பு மிகவும் எளிதாக வேண்டும் என்றால் நம்பையில் ஃபிலாக்ஸ் என்ற ஆக்கியும் உண்டு. அது எண்ணியை அடிப்படையாகக் கொண்டது: ஒரு சாவி, ஒரு எண்ணி, இரண்டையும் கலக்கிக் கொடுப்பதே அதன் வேலை. 624 எண்களைச் சுமக்காமல், "இத்தனையாவது எண்" என்பதை வைத்தே எந்த இடத்துக்கும் நேராகப் போய்விட முடியும். ஒவ்வொரு லாரிக்கும் தனி எண்ணித் தொடக்கம் கொடுத்துவிட்டால், எந்த லாரியின் எண்களையும் மற்ற லாரிகளைத் தொடாமலே மறுபடி எடுக்கலாம்.

நிலவன், பீனிக்ஸ்

நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கரையோரன், உங்கள் தேவையை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. மலர் அம்மா, ஒரு சந்தேகம். எங்கள் சிறு நிறுவனத்தின் இணையதளத்தில் கடவுச்சொல் மறந்தவர்களுக்கு அனுப்பும் குறியீட்டையும் இதே ரேண்டம் மாட்யூலில்தான் செய்கிறோம். அங்கேயும் உள்நிலையைச் சேமிக்க வேண்டுமா?

மலர்விழி, லெனேசியா

அங்கே எல்லாமே தலைகீழ். இன்றே மாற்றிவிடுங்கள், இதை வற்புறுத்தியே சொல்கிறேன். மெர்சென் ட்விஸ்டர் வெளியிடும் 32 பிட் எண்களைத் தொடர்ச்சியாக 624 பார்த்துவிட்டால், அதன் வயிற்றில் உள்ள அனைத்தையும் பின்னோக்கிக் கணக்கிட்டு, அடுத்து வருவதை எல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட முடியும். உருவகப்படுத்துதலுக்கு அது குறையே அல்ல. கடவுச்சொல்லுக்கு அது பூட்டாத கதவு. பைத்தானில் சீக்ரெட்ஸ் மாட்யூலைப் பயன்படுத்துங்கள். விதைக்காதீர்கள், சேமிக்காதீர்கள், திரும்ப ஏற்றாதீர்கள். மெய்நிகர் கணினியின் ஸ்னாப்ஷாட்டை (ஒரு நொடியில் பிடித்து வைத்த முழு நகலை) மீட்டெடுத்தால்கூட, உள்நிலை பழைய இடத்துக்குப் போய் ஏற்கெனவே கொடுத்த குறியீட்டையே மறுபடி கொடுக்க நேரலாம் என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

விதை எவ்வளவு சிறிதாகிவிடக்கூடும் என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நடந்தது போதும். 2006-இல் அதில் இருந்த, மறையாக்கச் சாவிகள் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் செய்த ஒரு திருத்தத்தால், எண் ஆக்கிக்குப் போய்ச் சேர்ந்த விதையில் மாறக்கூடியதாக மிஞ்சியது செயல் எண் (ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் தரும் எண்) மட்டுமே. அதன் மேல்வரம்பு 32,768. கணினியின் வகையும் சாவியின் அளவும் ஒன்றாக இருந்தால், உலகில் எவர் சாவி செய்தாலும் அந்தச் சிறு பட்டியலுக்குள்தான் விழுந்தது. 2008 மே மாதத்தில்தான் லூசியானோ பெல்லோ அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அதன்பிறகு எத்தனையோ பேர் சாவிகளை எல்லாம் தூக்கியெறிந்து புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

பழைய வாத்தியார், சாட்ஸ்வொர்த்

கரையோரன் தம்பி, பழைய விடைகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லவில்லையே. ஒன்பது மின்வெட்டு என்றால் பத்துத் துண்டுகள். பத்தும் ஒரே எண்வரிசையின் தலைப்பகுதியை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியிருக்கின்றன. அவை முழுமையான நகல்கள் என்றே வைத்துக்கொண்டால், உண்மையில் உங்களிடம் இருப்பது பத்தில் ஒரு பங்கு தரவுதான். நீங்கள் காட்டிய திட்டப்பிழையை (சராசரி எவ்வளவு தவறக்கூடும் என்ற அளவை) 10-இன் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 3.16-ஆல் பெருக்கினால்தான் உண்மைக்கு அருகில் வரும். துண்டுகள் வெவ்வேறு நீளம் என்பதாலும், தொடங்கும்போது வரிசையில் நின்ற லாரிகள் வேறு என்பதாலும் இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனால் சராசரியும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம், அதைப் பெருக்கிச் சரிசெய்ய முடியாது.

இன்னொன்று. சேமிப்புக் கோப்பில் பைத்தான் பதிப்பு, நம்பை பதிப்பு இரண்டையும் எழுதி வையுங்கள். உள்நிலை ஒன்றாக இருந்தாலும் அதிலிருந்து எண்ணை எப்படிச் செதுக்குகிறார்கள் என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும். புள்ளியியலுக்கான ஆர் மொழியில் 2019-இல் வந்த 3.6.0 பதிப்பு, மாதிரி எடுக்கும் சாம்பிள் அழைப்பின் முறையை மாற்றியது. பழைய முறையில் சிறு சாய்வு இருந்ததால் செய்த நல்ல திருத்தம்தான் அது. ஆனால் அதே விதைக்கு அதற்கு முன் வந்த மாதிரியும் பின் வந்த மாதிரியும் வேறு. பழைய முறையைக் கேட்டு வாங்கவும் அங்கே வழி வைத்திருக்கிறார்கள்.

கரையோரன், டர்பன்

ஐயா, பழைய ஓட்டங்களின் விடைகளைக் கொடுத்திருந்த இடத்துக்கு நேற்றே கடிதம் அனுப்பிவிட்டேன்: எண்கள் தவறு, புதியவை வரும்வரை பயன்படுத்த வேண்டாம் என்று. கேட்டவர்கள் காரணத்தையும் எழுதித் தரச் சொன்னார்கள். 212-ஆவது லாரியின் வரைபடத்தை இணைத்து அனுப்பினேன்.

மலர் அக்கா சொன்ன முறையில் 1860-இலிருந்து எட்டுக் கிளை விதைகள் எடுத்து, எட்டுச் செயல்களாக நேற்று இரவு தொடங்கினேன். பதிப்பு எண்களும் உள்நிலையும் லாரி வரிசையும் ஒரே கோப்பில் போகின்றன. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கோப்பு. காலை ஆறு மணிக்கு வேண்டுமென்றே சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். திரும்ப மாட்டி, எட்டையும் தொடரவிட்டு, நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு கணினியின் வரிகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும் நேரத்தில் எட்டுக் கோப்பிலும் 9,400-க்கு மேற்பட்ட வரிகள் பொருந்தியிருக்கின்றன. ஆறாவது செயலின் சேமிப்பு மட்டும் பிடுங்கிய நொடியில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது போலும். தற்காலிகப் பெயரில் பாதிக் கோப்பு ஒன்று கிடந்தது. பழைய கோப்பு முழுமையாக இருந்ததால் அது 15 நிமிடம் பின்னிருந்து தொடங்கி, இப்போது மற்ற ஏழையும் எட்டிப் பிடித்துவிட்டது.